உன் கையால் ஒரு கோப்பி

இன்று காலை யட்டியாந்தோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அக்கா கோப்பிக் கடையிலயா வேல செய்றீங்க?" என்று கேட்டாள். "இல்லம்மா, சபையில," என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஜெபம் நடக்கிற சபைக்குப் போகிறவளின் சேலையில் ஏன் வறுத்த கோப்பிக் கொட்டை மணக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? நானும் விளக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையை முகர்ந்து பார்த்தேன். உண்மைதான். நேற்றுக் கூட்டத்தில் கோப்பி போடக் கட்டிய சேலையையே அவசரத்தில் இன்றைக்கும் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். உன் மேல் அடிக்கிற வாசனை என் மேல் அடித்தது. பஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்திருப்பாள்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. நீ பெய்ரூட்டில் வீட்டு வேலை பார்த்த காலத்திலும் போனில் சண்டை போட்டதோடு சரி. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலிலிருந்தே வருகிறேன். நடுவில் நீ குறுக்கே பேச முடியாது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தியும் இருக்கிறது, மறைப்பானேன்.

வெளிநாடு போய் வந்தவர்கள் டீவி கொண்டுவந்தார்கள், கம்பளி கொண்டுவந்தார்கள். நீ கொண்டுவந்தது எஸ்பிரஸோ மெஷின். நீ வேலை பார்த்த வீட்டுக்காரர்களுக்குக் கீழ்மாடியில் கோப்பிக் கடை இருந்தது. சட்டி கழுவப் போனவள் கடைசி வருசங்களில் அந்தக் கடையில் மெஷின் முன்னால் நின்றாய். அவர்கள் புது மெஷின் வாங்கியபோது பழையதை உனக்கே கொடுத்துவிட்டார்கள். அது கப்பலில் வந்து சேர்ந்த அன்று, பெரிய ரோட்டிலிருந்து சபை வரைக்கும் அந்த மேட்டில் தோளில் வைத்துத் தூக்கி வந்தவர் உன் அண்ணன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மனுசன், தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். சபைக்குள் ஒரு கால்கூட வைக்காமல் மெஷினைப் படியில் இறக்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நீ செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாய். அவர் அதைப் பார்க்காதவர் மாதிரி, "வயர் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போகிற வழியில் பொதுக் குழாயில் குனிந்து இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீர் குடித்ததை நாம் மேலே நின்று பார்த்தோம்.

நீ செம்புத் தண்ணீரை வாசல் ரோஜாவுக்கு ஊற்றினாய். உங்களுக்குள் பிணக்கு என்று தோட்டத்துக்கே தெரியும். நீ ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்த வருசம், "இனிமே ஒன் கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் இது என்ன மாதிரிப் பிணக்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. உன் கூரைத் தகரம் காற்றில் பறந்தால் ஆணியும் சுத்தியலுமாக வருகிறவர் அவர். உன் காஸ் சிலிண்டரைத் தூக்குகிறவர் அவர். உன்னோடு பேசுவார், திட்டுவார், காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்து அண்ணியிடம் கொடுத்து அனுப்புவார். அவர் வாயில் மட்டும் உன் கை பட்டது எதுவும் படாது. அம்மாவும் அப்பாவும் போனபிறகு உனக்கென்று இருந்தது அவர் ஒருத்தர்.

"சபைக்கு வரச் சொல்லல, சாமிய விடச் சொல்லல. என் கையால ஒரு கோப்பி குடிக்கணும் அவரு. அது போதும்டி எனக்கு," என்றாய் அன்றைக்கு. இவ்வளவுதானா, ஒரு மாசத்தில் நடந்துவிடும் என்று நான் சொன்னேன்.

சபையின் வெளி ஊழியத்தில் கோப்பி கொடுக்கலாம் என்று நீ கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. வெளி ஊழியம் என்றால் சபைக்கு வராத ஆட்களிடம் நாமாகப் போவது. இயேசு பிறப்புக்கு நத்தார் பாட்டு, கண் பரிசோதனை, பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி, இப்படி ஏதாவது. அதுவரைக்கும் ஒரு வாளியில் பிளேன்டீ கலக்கி மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தோம். "அதே வாளியில கோப்பித் தூளையும் பால்மாவையும் கொட்டிக் கலக்கினா முடிஞ்சுது, எதுக்குடி இந்த ஆர்ப்பாட்டம்?" என்றேன். உனக்கு வந்ததே கோபம். "சும்மா குடுக்கிறதுன்னா சப்புன்னுதான் குடுக்கணும்னு வேதத்துல எந்த அதிகாரத்துல எழுதியிருக்கு?" நல்ல கேள்விதான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ என்னைப் படுத்திய பாடு. கீழ்க் கிராமத்துச் சிங்கள வீட்டுத் தோட்டங்களில் கோப்பி மரம் நிற்கிறதல்லவா, அங்கே போய் நன்றாகச் சிவந்த பழம்தான் வேண்டும், பச்சை கலந்தால் வேண்டாம் என்று நின்றுகொண்டு சிங்களத்தில் மல்லுக்கட்டுவாய். காயவைத்து, குத்தி, தோல் நீக்கி, இரும்புச் சட்டியில் வறுத்தாய். முதல் தடவை கருகிப்போய் லயம் முழுக்கப் புகை; பக்கத்துக் காம்பராக்காரி வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். மெஷினைப் போட்டவுடன் சபையில் கரண்ட் போனது. பாஸ்டர் இருட்டில் "தேவ சித்தம்" என்றார். பிறகு மெஷின் ஓடும்போது மின்விசிறியும் ஒலிபெருக்கியும் ஓடக்கூடாது என்று கண்டுபிடித்தோம். உன் கோப்பிக்காகப் பிரசங்கம் காத்திருந்த ஒரே சபை நம்முடையதாகத்தான் இருக்கும்.

அதுவும் முதலில் வருகிற கப்பைக் கீழே ஊற்றிவிடுவாய். இரண்டாவதை மோந்து பார்த்து, உதடு சுழித்து, அதையும் ஊற்றுவாய். எனக்கு வயிறு எரியும். "நல்லா இல்லாதத நான் குடிப்பேன், மத்தவங்களுக்குக் குடுக்க மாட்டேன்," என்பாய். சரி, குடியேன் என்றால் குடிக்கவும் மாட்டாய்.

முதல் கூட்டம் நத்தாருக்கு முந்தின கிழமை, லயத்துக்குக் கீழே உள்ள மைதானத்தில். பெய்ரூட்டில் எப்படியோ அப்படியே செய்தாய். சின்னச் சின்ன வெள்ளைக் கப், அதில் பாதிக்குக் கறுப்புக் கோப்பி, மேலே மெல்லிசாகத் தவிட்டு நிற நுரை. நான் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். முதல் கப்பை எடுத்தவர் மேல் லயத்துக் கங்காணித் தாத்தா. கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எத்தன மணிக்கும்மா எடுக்குறாங்க?"

எனக்கு ஒரு நிமிசம் ஓடவில்லை. பிறகுதான் உறைத்தது. நம் பக்கத்தில் பால் ஊற்றாத கறுப்புக் கோப்பியைச் சின்னக் கப்பில் கொடுப்பது இழவு வீட்டில்தானே. அங்கே கூடியிருந்த சனம் முழுக்க இழவு வீட்டு முகத்தோடு கப்பை வாங்கி, சத்தம் போடாமல் குடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு, போனது பாஸ்டரா அவர் சம்சாரமா என்று விசாரிக்கிறாள். நல்லவேளை, பாஸ்டர் மேடையில் ஏறி உரத்த குரலில் பாட ஆரம்பித்தார். நீ மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் தட்டோடு நடுமைதானத்தில் நின்றேன். இதற்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த கூட்டத்திலிருந்து பால் வந்தது. ஆவியில் பாலை நுரைக்க வைத்து மேலே ஊற்றினாய். இழவுக் களை போனது. சனங்கள் அதற்கு 'நொரக் கோப்பி' என்று பேர் வைத்தார்கள். கீழ் ரோட்டு சிங்கள ஆட்டோக்காரர் ஒருத்தர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நியமாய் அக்கே" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, இரண்டாம் தரமும் வரிசையில் வந்து நின்றார். நீ மட்டும் உனக்குக் கறுப்புக் கோப்பிதான் போட்டுக்கொள்வாய்.

கூட்டம் பெருகவும் பாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு கப்போடும் ஒரு கைப்பிரதியும் கொடுக்கலாமே என்றார். அவர் கெட்டவர் இல்லை, உனக்கும் தெரியும்; நல்ல செய்தியை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதே நேரத்தில் கோயில் பக்கமிருந்து உன் அண்ணன் சொன்னதாக ஒரு பேச்சு வந்து சேர்ந்தது: "கோப்பிய ஊத்தி ஆளு புடிக்கிறாங்க." அதைக் கேட்டு நீ இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பாஸ்டரிடம் போனாய். "ஐயா, யாராச்சும் வந்து கேட்டா நான் மணிக்கணக்கா சொல்லுவேன். ஆனா கோப்பி கையில இருக்கிறப்ப வேணாங்க. அது கோப்பியாவே இருக்கட்டும்." பாஸ்டர் தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு கைப்பிரதிகளை எடுத்து அலமாரியில் வைத்தார். அவருடைய அந்தக் குணத்துக்காகவே நான் இன்னும் இந்தச் சபையில் இருக்கிறேன்.

உன் அண்ணன் வந்தாரா? வந்தார். மெஷினைத் தூக்க வந்தார், திரும்பக் கொண்டுபோய் இறக்க வந்தார். கூடாரக் கம்பு ஆடினால் எங்கிருந்தோ வந்து இறுக்கிக் கட்டுவார். மெஷின் பக்கத்திலேயே நிற்பார், வாசனை அவர் மூக்கில் ஏறாமலா இருக்கும்? நீ ஒவ்வொரு முறையும் ஒரு கப் போட்டு மேசை ஓரத்தில் வைப்பாய். அவரைக் கூப்பிட மாட்டாய். அது ஆறி, நுரை வடிந்து, மேலே ஆடை கட்டும். எல்லாவற்றையும் கழுவும்போது அதையும் கழுவுவாய். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். நீ ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டாய்.

அப்புறம் அந்த மழை. மண்சரிவு வரும் என்று சொல்லி மேல் லயத்துச் சனங்களை எல்லாம் இறங்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. மிச்சப் பேர் நம் சபை மண்டபத்துக்கு வந்தார்கள். உன் அண்ணனும் அண்ணியும் பேரப்பிள்ளைகளும் நனைந்த மூட்டைகளோடு வாசலில் நின்றார்கள். அவர் படியில் நின்று யோசித்தார். பேரப்பிள்ளை குளிரில் பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தது. சிலுவையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்.

நீ மெஷினை ஓட்டினாய். அன்று கரண்ட் ஒரு தரம்கூடப் போகவில்லை. பிள்ளைகளுக்குச் சூடான பால், பெரியவர்களுக்கு நுரைக் கோப்பி. நான் ஒருத்தி எவ்வளவு பேருக்குத் தட்டுத் தூக்குவது? உன் அண்ணன் எழும்பி வந்தார். என் கையிலிருந்து தட்டை வாங்கினார். நீ கப்பை வைக்க வைக்க, அவர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தார். கிழவர்களுக்குக் குனிந்து கையில் பிடித்துக் கொடுத்தார். அந்தச் சாயங்காலம் முழுக்க உன் கோப்பி அவர் கையில் இருந்தது. கடைசியில் தட்டில் ஒரு கப் மிஞ்சியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நீ பால் குவளையை இறுக்கிப் பிடித்திருந்தாய். அவர் அந்தக் கப்பை என்னிடம் நீட்டினார். "நீ இன்னும் குடிக்கலையே தங்கச்சி, குடி," என்றார்.

நான் உன்னைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய்க் கொட்டித் தீர்த்தேன். மனுசனா இவர், உலகத்தில் இல்லாத பிடிவாதம், ஒரு வாய் குடித்தால் குடலா வெந்துவிடும் என்று. நீ கப்புகளைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு, "மொதல்ல வேணாம்னு திருப்பி விட்டது நான்டி," என்றாய்.

அப்போதுதான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. நீ ஊருக்கு வந்த அந்த வருசம் கோயில் திருவிழா. உன் அண்ணன் சாமிக்குப் படைத்த பொங்கலை வாழையிலையில் எடுத்துக்கொண்டு, தீ மிதித்த காலோடு, மஞ்சள் வேட்டியோடு நேரே உன் காம்பராவுக்கு வந்திருக்கிறார். நீ வெளிநாட்டில் இருந்தபோதெல்லாம் திருவிழாவில் உன் பங்கை யாருக்காவது கொடுத்துவிட்டு மனசு கேட்காமல் இருந்தவர், இந்த வருசம் உன் கையிலேயே கொடுக்கலாம் என்று வந்திருக்கிறார். நீ கை நீட்டவில்லை. "படைச்சத நான் இப்ப சாப்பிடுறதில்லண்ணே" என்று சொல்லியிருக்கிறாய். அவர் திரும்பிக் கோயிலுக்குப் போய், அம்மன் முன்னால் நின்றுகொண்டு, "இனிமே அவ கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

"இப்பவும் குடுத்தா சாப்பிட மாட்டேன்டி. மனசாட்சி விடாது. ஆனா அன்னைக்கு அந்தக் கால நான் பாக்கல. கொப்புளம் கொப்புளமா இருந்திச்சு. ஒக்காருண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லல. வேதத்தத்தான் சொன்னேன்." நீ அழவில்லை. கப்பைத் துடைத்துத் துடைத்து வைத்தாய். நான்தான் அழுதேன்.

உன் இருதயம் வீங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அதற்குப் பிறகு. உப்புக் கூடாது, மேடு ஏறக் கூடாது, கோப்பி கூடவே கூடாது. நீ கோப்பிக் கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்து தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு முகர்ந்து பார்ப்பாய். நர்ஸம்மா கண்டுபிடித்துத் திட்டினாள். உன் அண்ணன் தினமும் பால் வெட்டி முடித்த கையோடு பஸ் ஏறி வருவார். அண்ணி காய்ச்சிய உப்பில்லாத கஞ்சியை உனக்குக் கரண்டியில் ஊட்டுவார். அந்தக் கையில் ரப்பர் பால் நாற்றம் அடிக்கும். நீ முகம் சுளிக்காமல் குடித்தாய்.

ஒரு நாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிட்டாய். "ஒன் கஞ்சிய நான் குடிக்கிறேன். என் கையால நீ குடிக்க மாட்ட. இன்னும் என்னாண்ணே கோவம்?"

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "கோவம் எப்பவோ போச்சு புள்ள. நீ வேணாம்னது என் மொகத்துக்கு முன்னால. அத நான் மறந்துட்டேன். நான் சொன்னது ஆத்தா முன்னால. அத யாரு மறக்குறது?"

நீ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சிரித்தாய். "சரி, எனக்கு என் சாமி, ஒனக்கு ஒன் ஆத்தா. ரெண்டு பேருக்கும் நடுவுல கோப்பி ஆறிப்போச்சு," என்றாய். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனவர் வெகு நேரம் உள்ளே வரவில்லை. அந்தக் கிழமையே நீ போய்விட்டாய்.

பாஸ்டர்தான் அடக்க ஆராதனை செய்தார். உன் அண்ணன் பாட்டுக்கு வாய் அசைக்கவில்லை, ஆனால் முதலிலிருந்து கடைசி வரைக்கும் உன் தலைமாட்டில் நின்றார். பெட்டியைத் தூக்கும்போது வேறு யாரையும் முன்பக்கம் வர விடவில்லை. அன்று யாரோ பெரிய பானையில் கோப்பி ஊற்றினார்கள். வாயில் வைக்க முடியாத கோப்பி. நீ படுத்திருந்ததால் பிழைத்தார்கள்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாத பகுதி.

உன் முப்பதாம் நாளுக்கு முதல் நாள் நான் சபை மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு அவளுக்கு முப்பது. நீங்க இதெல்லாம் செய்ய மாட்டீங்கன்னு தெரியும். எனக்கு மனசு ஆறல. கூடப் பொறந்தவளுக்கு ஒரு எல போடணும். வீட்டோட, நாங்க மட்டும்."

"போடுங்கண்ணே. அதுக்கு என்னைய எதுக்குக் கேக்கணும்?"

"அவளுக்குப் புடிச்சத வைக்கணும்ல." அவர் மண்டபத்துக்குள் மூலையில் துணி போட்டு மூடியிருந்த மெஷினைப் பார்த்தார். "ரெண்டு கப்பு போட்டுத் தருவியா? பால் இல்லாதது. அவ குடிப்பாளே, அது மாதிரி."

எனக்குக் கை விளக்குமாற்றிலேயே ஒட்டிக்கொண்டது. செத்தவர்களுக்குப் படைப்பதற்கு நான் கோப்பி போடுவதா? பாஸ்டரிடம் கேட்டால் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்பார், அதற்குள் உன் முப்பது போய்விடும். உன்னிடம் கேட்க வழியில்லை. ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. இத்தனை கூட்டத்தில் எத்தனையோ பேர் கப்பு வாங்கிப் போனார்களே, எதற்கு என்று நீ ஒருத்தரையாவது கேட்டாயா? "மேல கொண்டுவந்து சேக்கிறதுக்குள்ள ஆறிப்போகும்ண்ணே. மெஷினத் தூக்கிக்கிட்டுப் போவோம், வாங்க," என்றேன். அன்றைக்கு அவர் சபைக்குள் வந்து அதைத் தூக்கினார்.

மறுநாள் அவர் வீட்டு அடுப்படியில் நின்று, முதல் கப்பைக் கீழே ஊற்றினேன், இரண்டாவதையும் ஊற்றினேன். அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு வந்தது நன்றாக இருந்தது. நீ உதடு சுழித்திருக்க மாட்டாய். முன்காம்பராவில் வாழையிலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார்கள். உன் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன். உள்ளே போகவும் மனசு வரவில்லை, போய்விடவும் மனசு வரவில்லை. இரண்டு கப்பில் ஒன்றை அவர் இலையில் வைத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு வந்து வாசல் பக்கத்து ஜன்னல் கட்டையில், இலைக்கு எட்டாத இடத்தில், ஒரு சாசரால் மூடி வைத்தார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

சூடம் காட்டினார்கள். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம், நீ வந்து சாப்பிட்டுப் போவதற்கு. பிறகு கதவைத் திறந்து உள்ளே போனவர், இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உன் கப்பை எடுத்தார்.

"அவ கையால வாங்கிக் குடிக்க மாட்டேன்னுதான் ஆத்தாகிட்ட சொன்னேன்," என்றார், யாரைப் பார்த்தும் இல்லை. "எலையில இருந்து எடுக்க மாட்டேன்னு சொல்லல."

குடித்தார். முதல் வாயிலேயே முகம் கோணியது. அந்தக் கசப்புக்கு அவர் நாக்கு பழகியதா என்ன? நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மருந்து குடிப்பது போல் குடித்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அண்ணி பக்கத்தில் போய் முதுகைத் தடவினாள். நானும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் எழும்பி வந்து, ஜன்னல் கட்டையில் இருந்த கப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது படைக்கல. நீ குடிக்க மாட்டன்னு மொதல்லயே தனியா வச்சிட்டேன். பயப்படாமக் குடி."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் கப்பை விட்ட கையை அப்படியே நீட்டியபடி நின்றார்.

"அன்னைக்கு அவளுக்கும் ஒரு வாய்ப் பொங்கல இப்பிடித் தனியா எடுத்து வச்சிருக்கலாம் தங்கச்சி. படைக்கிறதுக்கு முந்தி. ஒரு கரண்டி. எனக்கும் தோணல, அவளுக்கும் கேக்கத் தோணல."

எனக்கு மட்டும் தோன்றியதா? பாஸ்டருக்குத் தோன்றியதா? கோயிலும் சபையும் ஒரே மேட்டில்தான் இருக்கின்றன. ஒரு கரண்டியைத் தனியாக எடுத்து வைக்கலாம் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதைத்தான் இப்போது எங்கே போனாலும் சுமந்துகொண்டு போகிறேன். சில நாள் அது கனக்கிறது, சில நாள் உன் மேல் கோபமாகவும் வருகிறது.

அந்தக் கப் ஆறிப்போயிருந்தது. நான் முழுதாகக் குடித்தேன். அவருடைய கப்பை எட்டிப் பார்த்தேன், நீ கேட்பாய் என்று. உன் அண்ணன் குடித்துவிட்டார்டி. ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை.